எட்டாம் மாதத்துப் பிள்ளை

எட்டாம் மாதத்தில் பிறக்கிற பிள்ளை தங்காது என்று எங்கள் பக்கத்தில் சொல்வார்கள். ஏழாம் மாதத்தில் பிறந்தாலாவது தங்கிவிடும், எட்டில் பிறந்தால் தங்கவே தங்காது என்பார்கள். யார் முதலில் சொன்னது, எதை வைத்துச் சொன்னது என்று யாருக்கும் தெரியாது. பள்ளிக்கூடத்தில் பாடம் சொல்லிக்கொடுக்கிற நானும் அதை நம்பினேன். நம்பி ஒரு பிள்ளையை இழந்தேன். இன்னொரு பிள்ளையை, ராமநாதபுரம் பெரியாஸ்பத்திரியில் முப்பத்தெட்டு நாள் கிடந்து, மீட்டுக்கொண்டு வந்தேன். அந்த நாட்களைப் பற்றி எங்கள் ஊர்ப் பெண்கள் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிறார்கள். ஒருத்தியிடம் பாலைப் பற்றிச் சொல்லியிருப்பேன், இன்னொருத்தியிடம் பல்புப் பெட்டியைப் பற்றி. முழுவதையும் ஒரே மூச்சில் யாரிடமும் சொன்னதில்லை. சொல்ல முடியாத ஒன்று அதற்குள் இருந்தது.

எனக்குப் பிறந்த ஊர் ஆர்.எஸ்.மங்கலம் பக்கம். வாக்கப்பட்டு வந்தது ராமேஸ்வரம் தீவில் அக்காள்மடம். என் வீட்டுக்காரர் முனியசாமி பாம்பன் ரயில் நிலையத்தில் பாயிண்ட்ஸ்மேன். நான் அக்காள்மடத்து ஆரம்பப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு டீச்சர். வீட்டில் எங்களோடு அவருடைய அக்கா ராமாயி இருந்தார். நான் மதினி என்று கூப்பிடுவேன். சின்ன வயதிலேயே புருஷனைக் கடலில் பறிகொடுத்தவர். பிள்ளை இல்லை. தாயில்லாத தம்பியை ஆறு வயதிலிருந்து வளர்த்தது அவர்தான். ஆகவே எங்கள் வீட்டில் மதினி சொன்னதுதான் நடக்கும்.

என் மூத்த பிள்ளை வீட்டில்தான் பிறந்தான். எட்டு மாதம் முடியவில்லை. காலையில் பிறந்தவனை மருத்துவச்சி மதினியிடம் கொடுத்தாள். மதினி அவனைப் பழஞ்சேலைத் துணியில் சுற்றி, அரிசி புடைக்கிற சுளகில் கிடத்தி, அறையின் மூலையில் வைத்தார். என் தலைமாட்டில் வந்து உட்கார்ந்து, "ஆசை வைக்காத ஆத்தா. எட்டாம் மாசம். தங்காது" என்றார். கோபமாகச் சொல்லவில்லை. என் நெற்றியைத் தடவிக்கொண்டே சொன்னார். யாரும் அவனை என் மார்பில் போடவில்லை. நானும் கொடுங்கள் என்று கேட்கவில்லை. முகத்தைப் பார்த்துவிட்டால் தாங்கமாட்டேன் என்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டேன். முதுகுக்குப் பின்னால் பூனைக்குட்டி மாதிரி ஒரு சத்தம் அவ்வப்போது வந்தது. பொழுது சாய்கிற நேரத்தில் அது நின்றுவிட்டது.

இரண்டு வருஷம் கழித்து மறுபடி உண்டானேன். நயா பைசா வந்த புதிது அது. ஐப்பசி மாதம், ஒரு நாள் காலையில், கரும்பலகையில் அணாவை நயா பைசாவாக மாற்றும் கணக்கைப் போட்டுக்கொண்டிருந்தேன். பனிக்குடம் உடைந்து காலெல்லாம் நனைந்தது. மனதுக்குள் வாரத்தை எண்ணிப் பார்த்தேன். அதே எட்டாம் மாதம்.

பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுத் தலைமையாசிரியர் வண்டி ஏற்பாடு செய்தார். மதினி வந்து சேர்ந்தார். வண்டி எங்கள் தெருப்பக்கம் திரும்பியது. நான் வண்டிக்காரரிடம், "வீட்டுக்கு வேண்டாம். பாம்பனுக்கு விடுங்க. ரயிலைப் பிடிச்சு ராம்நாடு ஆஸ்பத்திரிக்குப் போறேன்" என்றேன். மதினி என்னைப் பார்த்த பார்வையில் கோபத்தைவிட இரக்கம்தான் இருந்தது.

பாம்பன் ஸ்டேஷனில் என் வீட்டுக்காரர் வேலையில் இருந்தார். மதினி வண்டியிலிருந்து இறங்கியதும் தம்பியைப் பிடித்துக்கொண்டார்.

"ஏலே முனியசாமி, நீயாவது எடுத்துச் சொல்லு. காத்து இந்த அடி அடிக்குது. பாலத்துல வண்டிய விடுவானோ மாட்டானோ. வலியோட அவளை ஏத்திக்கிட்டு எங்கன போறது? எட்டாம் மாசப் பிள்ளைக்கு ஆஸ்பத்திரி என்னத்தச் செய்யும்?"

அவர் அக்காவை எதிர்த்துப் பேசி நான் பார்த்ததில்லை. கொஞ்ச நேரம் கையிலிருந்த பச்சைக் கொடியைச் சுருட்டிச் சுருட்டி விரித்துக்கொண்டிருந்தார். பிறகு, "இல்லக்கா. அவ போகணும்ங்கறா. போவோம். நீயும் வா" என்றார்.

காற்று ஓர் அளவுக்கு மேல் அடித்தால் பாலத்துக்குள் வண்டியை விடமாட்டார்கள். முக்கால் மணி நேரம் சிக்னல் விழவில்லை. ரயில் பெட்டியின் மரப்பலகையில் படுத்துக்கொண்டு, வலி வருகிறபோதெல்லாம் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டேன். பிள்ளை பாலத்துக்கு இந்தப் பக்கமே பிறந்துவிடும் என்றுதான் நினைத்தேன். பிறகு வண்டி நகர்ந்தது. பாலத்தின் மேல் ஆள் நடக்கிற வேகத்தில் ஊர்ந்தது. கடல் தண்ணீர் தெறித்து என் முகத்தில் விழுந்தது ஞாபகம் இருக்கிறது.

ராமநாதபுரம் ஆஸ்பத்திரியில் விளக்கேற்றுகிற நேரத்துக்குள் பெண் பிறந்தாள். எடை மூன்றரை ராத்தல், ஒன்றரைக் கிலோவுக்குக் கொஞ்சம் கூட. இந்தத் தடவை நான் முகத்தைத் திருப்பவில்லை. உடம்பு முழுவதும் கன்றிய சிவப்பு. தோலுக்குள் ஓடுகிற நரம்பெல்லாம் தெரிந்தது. தோளில் மெல்லிய பூனைமயிர். காது மடல், மடக்கினால் மடங்கினபடியே கிடந்தது. அழ வாயைத் திறந்தாள், சத்தம் வரவில்லை. டாக்டரம்மா தன் வாயாலேயே ஒரு ரப்பர் குழாயை உறிஞ்சி அவள் தொண்டைச் சளியை எடுத்தார். அதற்குப் பிறகுதான் அழுகை வந்தது. என் கையில் கொடுக்காமல் எடுத்துக்கொண்டு போனார்கள்.

அங்கே குறைமாதப் பிள்ளைகளுக்கென்று ஒரு சின்ன அறை. அதில் இரண்டு மரப்பெட்டிகள். மேலே கண்ணாடி மூடி, உள்ளே ஓரத்தில் இரண்டு மின்சார பல்பு, ஒரு ஈரத்துணி, ஒரு தெர்மாமீட்டர். பிள்ளையின் உடம்பில் கொழுப்பு இல்லாததால் தன் சூட்டைத் தானே காப்பாற்றிக்கொள்ள முடியாது. வயிற்றுக்குள் இருந்த சூட்டை இந்தப் பெட்டி கொடுக்கிறது என்று சிஸ்டர் எனக்கு விளக்கினார். பஞ்சில் சுற்றி அவளை அதற்குள் வைத்திருந்தார்கள். முகம் மட்டும் வெளியே தெரிந்தது.

மறுநாள் காலையில் டாக்டரம்மா வந்தார். திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், நாற்பது வயது இருக்கும், அதிகம் பேசமாட்டார். பிள்ளையின் நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்து வெகுநேரம் கேட்டார். நான் கதவோரம் நின்றிருந்தேன்.

"பிழைக்குமா டாக்டரம்மா?"

"இப்போ சொல்ல முடியாதும்மா. முதல் மூணு நாளு மூச்சு. அதைத் தாண்டினா மஞ்சக்காமாலை. அதையும் தாண்டினா பால் செரிக்கணும், சீழ் சளி எதுவும் ஒட்டாம இருக்கணும். ஒவ்வொண்ணா பார்ப்போம்."

பின்னாலிருந்து மதினி மெதுவாகக் கேட்டார். "எட்டாம் மாசமுங்க. ஏழுன்னாக்கூடத் தங்கும்பாக. எட்டு தங்காதுல்ல?"

டாக்டரம்மா திரும்பி அவரைப் பார்த்தார். இதே கேள்வியை எத்தனையோ பேர் அவரிடம் கேட்டிருப்பார்கள் போல. குரலை உயர்த்தவில்லை.

"அது தப்பும்மா. வயித்துக்குள்ள இருக்கிற ஒவ்வொரு வாரமும் பிள்ளைக்கு வளர்ச்சிதான். ஏழைவிட எட்டு நல்லது. எட்டைவிட ஒன்பது நல்லது. எட்டாம் மாசப் பிள்ளைக்குச் சூடும் பாலும் சுத்தமும் குடுத்தா பொழைக்க வழி இருக்கு. தங்காதுன்னு நீங்களே ஒதுக்கிப் போட்டா எப்படித் தங்கும்?"

அவர் அடுத்த பெட்டிக்குப் போய்விட்டார். நான் அந்தக் கதவைப் பிடித்துக்கொண்டு நின்றேன். சூடு, பால், சுத்தம். மூத்தவன் பிறந்த அன்று மூன்றும் எங்கள் வீட்டில் இருந்தன. என் மார்பில் பால் இருந்தது. அது சேலையை நனைத்துக்கொண்டு வீணாக வழிந்தது. மதினியைத் திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். அதற்குப் பிறகு பல நாள் நான் அவரோடு பேசவில்லை. கஞ்சி கொண்டுவந்து வைப்பார், குடிப்பேன். பாத்திரத்தைக் கழுவ எடுத்துக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

குறைமாதப் பிள்ளைக்கு மூச்சு விடுவது மறந்துபோகும் என்பது எனக்கு அங்கேதான் தெரிந்தது. நன்றாக மூச்சு விட்டுக்கொண்டிருக்கும், திடீரென்று நெஞ்சு அசையாது. உதடு நீலம் பாரிக்கும். மூளை இன்னும் பழகவில்லை என்றார் சிஸ்டர். அப்போது உள்ளங்காலைச் சுண்ட வேண்டும். சுண்டினால் திடுக்கிட்டு மறுபடி இழுக்கும். ஆக்சிஜன் இருந்தது, ஆனால் உதடு நீலமானால்தான் கொடுப்பார்கள். அதிகம் கொடுத்தால் இந்தப் பிள்ளைகளின் கண் கெட்டுவிடும் என்று சில வருஷங்களுக்கு முன்தான் கண்டுபிடித்திருந்தார்களாம். ஆகவே யாராவது ஒருவர் எந்நேரமும் பெட்டியருகே இருந்து நெஞ்சையே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். சோப்புப் போட்டுக் கை கழுவி, வெள்ளை அங்கி மாட்டி, நானும் என் வீட்டுக்காரரும் மதினியும் மாறி மாறி உட்கார்ந்தோம்.

உறிஞ்சுவது, விழுங்குவது, மூச்சு விடுவது மூன்றையும் சேர்த்துச் செய்ய அவளுக்குத் தெரியாது. அதனால் நூல் போன்ற ஒரு ரப்பர் குழாயை மூக்கு வழியாக வயிறு வரைக்கும் விட்டு, நான் பீய்ச்சிக் கொடுக்கிற பாலை அதில் ஊற்றினார்கள். முதல் நாளில் ஒரு வேளைக்கு ஒரு கரண்டிகூட இல்லை. என் உடம்பிலிருந்து அவளுக்குப் போனது அந்தச் சொட்டுகள் மட்டும்தான் என்பதால், ஒரு துளி பாத்திரத்துக்கு வெளியே விழுந்தாலும் எனக்கு அழுகை வந்துவிடும்.

அடுத்த கட்டிலில் ஜுலைகா என்று ஒரு பெண். தேவிபட்டினத்துக்காரி. இருபது வயதுதான் இருக்கும். புருஷன் கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தான். இரண்டாவது பெட்டியில் இருந்தது அவள் மகன். ஏழாம் மாதம் பிறந்தவன், இரண்டு ராத்தலுக்குக் கொஞ்சம் கூட. பார்க்க வந்தவர்களெல்லாம் அவளிடம், ஏழாம் மாசம்தானே, பயமில்லை, தங்கிரும் என்று சொல்லிவிட்டு, என்னைப் பார்த்து ஒன்றும் சொல்லாமல் போவார்கள். அவளும் அதை நம்பி ஒரு பெயர்கூட முடிவு செய்து வைத்திருந்தாள். நாலாம் நாள் விடிகாலையில் அந்தப் பிள்ளை மூச்சை மறந்தது. சுண்டியும் திரும்பவில்லை. ஜுலைகாவின் மாமனார் வந்து, ஒரு வெள்ளைத் துணியில் கையடக்கமாகச் சுற்றி வாங்கிக்கொண்டு போனார்.

ஐந்தாம் நாள் எனக்குக் குளிர்காய்ச்சல் கண்டது. பிரசவத்துக்குப் பின் கர்ப்பப்பையில் சீழ் பிடித்து வருகிற காய்ச்சல். ரத்தம் எடுத்துப் பார்த்தார்கள், பென்சிலின் ஊசி போட்டார்கள், வேறு வார்டுக்கு மாற்றினார்கள். பிள்ளையின் அறைப்பக்கமே போகக்கூடாது என்றார்கள். மார்பில் பால் வற்றத் தொடங்கியது. அந்த நேரத்தில்தான் அவளுக்கு மஞ்சள் கண்டிருந்தது. மூக்கு நுனியை அழுத்திவிட்டு எடுத்தால் தோல் மஞ்சளாகத் தெரிகிறது என்று என் வீட்டுக்காரர் வந்து சொன்னார். டின் பால் கொடுத்தால் வயிறு தாங்குமா என்று டாக்டரம்மா யோசிப்பதாகவும் சொன்னார்.

அன்று மத்தியானம் ஜுலைகா என் கட்டிலருகே வந்து நின்றாள். ஊருக்குக் கிளம்ப வேண்டியவள்.

"அக்கா, பால் கட்டிக்கிட்டு நெஞ்சு வலிக்குது. பீய்ச்சி ஊத்திரச் சொன்னாங்க. தரையில ஊத்த எனக்கு மனசு வரல. ஒங்க புள்ளைக்குக் குடுக்கலாம்னு டாக்டரம்மா சொல்லிட்டாங்க. ஒங்களுக்குச் சம்மதமா?"

அவள் கையைப் பிடித்தேன். காய்ச்சலில் என் கை சுட்டிருக்கும், அவள் விடுவித்துக்கொள்ளவில்லை.

"எங்க மார்க்கத்துல பால் குடிச்சுட்டா அதும் எம்புள்ளைதான்க்கா. அல்லா ஒண்ண எடுத்துக்கிட்டான்" என்று ஆரம்பித்தவள், மேலே சொல்லாமல் போய்விட்டாள். மாமனாரைத் திருப்பி அனுப்பிவிட்டு இன்னும் நாலு நாள் அந்த வார்டிலேயே இருந்தாள். என் பெண் அந்த நாலு நாளும் உயிரோடு இருந்தது அவளுடைய பாலில்தான். போகும்போது பிள்ளையைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டாள். அது எனக்குப் புரிந்தது.

ஏழாம் நாள் காலையில் மழையும் காற்றும் பிடித்தன. ஊர் முழுக்கக் கம்பங்கள் சாய்ந்து மின்சாரம் நின்றது. பெட்டியில் பல்பு அணைந்துவிட்டது. வெந்நீர்ப் பாட்டில் வைத்துப் பார்த்தார்கள். ஒரு பக்கம் சுடுகிறது, மறுபக்கம் ஆறிவிடுகிறது, தெர்மாமீட்டர் இறங்கிக்கொண்டே இருக்கிறது. டாக்டரம்மா பிள்ளையை வெளியே எடுத்து, "மனுஷச் சூடுதான் வேணும். யாராவது நெஞ்சோட அணைச்சு வச்சுக்கணும். அசையக்கூடாது, தூங்கக்கூடாது" என்றாராம். எனக்குக் காய்ச்சல். மதினிதான் அங்கே இருந்தார்.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. மத்தியானம் சிஸ்டர் கவனிக்காத நேரத்தில் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்து போய், அந்த அறைக் கதவின் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். மதினி ரவிக்கையைக் கழற்றிவிட்டு, வெற்று நெஞ்சில் பிள்ளையைக் குப்புறக் கிடத்தி, மேலே சேலையும் கம்பளியும் போர்த்தி, இரும்பு நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். இடது கை பிள்ளையின் முதுகில். வலது கை அதன் பாதத்தில். உதடு அசைந்துகொண்டிருந்தது. சாமி கும்பிடுகிறாரோ என்று நினைத்தேன். கதவுக்கு வெளியே நின்ற என் வீட்டுக்காரர் சொன்னார்:

"மூச்சை எண்ணுது. காலையிலேருந்து எண்ணிக்கிட்டே இருக்கு. தண்ணி குடுத்தேன், வேணாம்னுருச்சு. குடிச்சா எந்திரிச்சுப் போகணுமாம்."

நான் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு நின்றேன். என் மூத்தவனைச் சுளகில் போட்ட அதே கைகள். அதை நினைக்காமல் என்னால் பார்க்க முடியவில்லை. அந்தக் கைகள் அசையாமல் இருக்க வேண்டுமே என்று வேண்டிக்கொள்ளாமலும் பார்க்க முடியவில்லை.

மறுநாள் உச்சிப்பொழுதுக்குத்தான் மின்சாரம் வந்தது. பிள்ளையை வாங்கிப் பெட்டியில் வைத்தபோது மதினியால் எழுந்திருக்க முடியவில்லையாம். முழங்கால் பிடித்துக்கொண்டது. இரண்டு பேர் தூக்கி நிறுத்தினார்கள். "பதினோரு தடவை மறந்துச்சு தாயி. பதினோரு தடவையும் எழுப்பிட்டேன்" என்று மட்டும் டாக்டரம்மாவிடம் சொன்னாராம். டாக்டரம்மா அதைத் தாளில் எழுதிக்கொண்டாராம்.

ஒன்பதாம் நாள் எனக்குக் காய்ச்சல் விட்டது. பிள்ளையின் மஞ்சளும் குறைந்தது. அதன்பிறகு தராசுதான் எங்கள் உலகம். மூன்று ராத்தலுக்கு இறங்கியிருந்தாள். தினமும் காலையில் நிறுப்பார்கள். முள் நேற்றைய இடத்திலேயே நின்றால் அன்று முழுவதும் நாங்கள் யாரும் சரியாகச் சாப்பிடமாட்டோம். கொஞ்சம் ஏறினால் என் வீட்டுக்காரர் வெளியே போய் நின்றுகொள்வார். கண்ணைத் துடைத்துக்கொள்ளத்தான். எனக்குப் பால் மறுபடி ஊறியது. குழாயை எடுத்துவிட்டுப் பேனாவுக்கு மை ஊற்றுகிற ஃபில்லரால் வாயில் சொட்டுச் சொட்டாக விட்டோம். இருபத்தாறாம் நாள் முதல் தடவையாக மார்பைப் பிடித்தாள். நாலு இழுப்பு இழுத்துவிட்டுக் களைத்துத் தூங்கிவிட்டாள்.

முப்பத்தெட்டாம் நாள் நாலேகால் ராத்தலோடு வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆறு மாதத்துக்கு ஒரு தடவை கொண்டுவந்து காட்ட வேண்டும், கண்ணையும் காதையும் பார்க்க வேண்டும், நடக்கவும் பேசவும் தாமதமானால் பயப்பட வேண்டாம் என்றார் டாக்டரம்மா. இப்போது அவளுக்கு ஆறு வயது. நடந்தது தாமதம்தான். மற்றபடி என் வகுப்பு ஜன்னலில் வந்து நின்று கத்துகிறாள்.

திரும்பி வந்த நாள் காற்றே இல்லை. ரயில் மண்டபத்தைத் தாண்டியது. பெட்டியில் கூட்டம் குறைவு. என் வீட்டுக்காரர் வாசற்படியருகே நின்றுகொண்டிருந்தார். பிள்ளை என் மடியில். எதிர்ப்பலகையில் மதினி. ஆஸ்பத்திரியில் நாங்கள் பேசத் தொடங்கியிருந்தோம், ஆனால் பாலைப் பற்றியும் துணியைப் பற்றியும் மட்டும்தான். வண்டி பாலத்தில் ஏறி மெதுவாகப் போக ஆரம்பித்தது. மதினி கடலைப் பார்த்தபடியே சொன்னார்.

"மூத்தவன் வாயை அசைச்சான் ஆத்தா. பாலுக்குத்தான். தலையை அங்கிட்டும் இங்கிட்டும் திருப்பித் தேடுனான். நீ கண்ணை மூடிக் கெடந்த. நான் பாத்தேன்."

நான் மடியிலிருந்த பிள்ளையின் துணியை இழுத்துப் போர்த்தினேன்.

"தங்காதுன்னு நெனச்சேன். நெஞ்சுல போட்டா நீ ஒட்டிக்கிருவ, அப்புறம் போயிட்டா ஒன்னையும் தூக்கிக் குடுக்கணுமேன்னு நெனச்சேன். ஒன்கிட்டச் சொல்லாமலே இருந்துரலாம்னுதான் இருந்தேன். ஏலல."

அவர் அழவில்லை. இரண்டு கையையும் மடியில் மல்லாத்தி வைத்துக்கொண்டு, அதையே பார்த்துக்கொண்டிருந்தார். எனக்குச் சொல்ல நிறைய இருந்தது. டாக்டரம்மா அன்று சொன்னதிலிருந்து முப்பத்தாறு நாளாக மனதுக்குள் ஒவ்வொரு சொல்லாகச் சேர்த்து வைத்திருந்தேன். அத்தனைக்கும் நடுவில், சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்திருந்த என் முதுகும் எனக்குத் தெரிந்தது.

கீழே சக்கரங்களின் சத்தம் மட்டும் கேட்டது. பாலத்தின் பாதியைத் தாண்டியிருப்போம்.

"மதினி," என்றேன். "இவளைக் கொஞ்சம் வாங்கிக்கங்க. கை வலிக்குது."

மதினி நிமிர்ந்து என்னைப் பார்த்தார். நாலேகால் ராத்தல் பிள்ளை. யாருக்குக் கை வலிக்கும்? முந்தானையில் இரண்டு கையையும் துடைத்துக்கொண்டு நீட்டினார்.